காளானக்கா வீட்டுக்காரர்

பூட்டுக்காரரின் பொறாமை அவரோடு கூடப் பிறந்தது என்பாள் அவருடைய அக்கா. அவளும் கூடப் பிறந்தவள்தான் என்பதால் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சின்ன வயதில் அக்காவின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தன் தட்டைப் பார்ப்பாராம். பள்ளியில் பக்கத்து இருக்கைப் பையனுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் விடுமுறை கிடைத்தபோது அதற்கும் பொறாமைப்பட்டாராம்.

மற்றபடி தங்கமான மனிதர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்க ஆணியில் வெட்டாத சாவிகள் தொங்கும். அவர் கை வைத்துத் திறக்காத பூட்டு அந்தத் தெருவில் கிடையாது. சாவி வெட்டும் இயந்திரம் இருந்தாலும் கடைசி இழைப்பை அரத்தால் கையில்தான் செய்வார். பூட்டில் போட்டுத் திருப்பும்போது சாவி ஒரு மயிரிழை முரண்டு பிடித்தால்கூட வாடிக்கையாளர் கையில் கொடுக்க மாட்டார். "சாவி திரும்பற சத்தமே கேக்கக் கூடாது" என்பார்.

கல்யாணமான முதல் பத்து வருடங்கள் அவருடைய மனைவியை எல்லோரும் 'பூட்டுக்காரர் சம்சாரம்' என்றுதான் சொன்னார்கள். பிறகு காளான் வந்தது.

அவள் கல்லூரித் தாவரவியல் பிரிவில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்தாள். கழுவுகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மாணவர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் காளான்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையும் அவளிடம் வந்தது. எங்கே எடுத்தது, எந்த மரம், என்ன தேதி. நாலு வருடம் சீட்டு எழுதியதில், பாதி மாணவர்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துவிட்டது. பட்ட மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் ஒரு கெட்டிக் காளான் உண்டு. மேலே மெருகு பூசிய பலகைபோல் பழுப்பாக மின்னும். அடியில் வெள்ளையாக, ஊசியால் குத்தியதுபோல் நுண் துளைகள் இருக்கும். அதை மெல்லிசாகச் சீவி, காயவைத்து, இஞ்சியோடு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவைத்து, வடிகட்டித் தேன் கலந்தால் தொண்டைக்கு இதமான கஷாயம். அந்த ஒரே வகையைத் தவிர வேறு எதையும் அவள் தொடவே மாட்டாள்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பள்ளி ஆசிரியைகளும், நாள் முழுக்கத் தூசி குடிக்கும் பேருந்து நடத்துநர்களும் அதைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவள் யாரிடமும் பெரிதாக அளந்ததில்லை. "இது தொண்டைக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். காளான் வேலை செய்யுதா, சுடுதண்ணி வேலை செய்யுதான்னு எனக்கே தெரியாது. காய்ச்சல் இருந்தா டாக்டர்கிட்ட போங்க" என்றுதான் சொல்லுவாள். அப்படிச் சொல்லச் சொல்ல ஜனங்களுக்கு நம்பிக்கை கூடியது. அவள் 'காளானக்கா' ஆனாள். பூட்டுக்காரர் 'காளானக்கா வீட்டுக்காரர்' ஆனார்.

இது அவருடைய வயிற்றில் போய்த் தங்கிவிட்டது. கடைக்குள் யாராவது நுழைந்தால் பூட்டு ரிப்பேர் என்று நினைத்து நிமிர்வார்.

"அக்கா இருக்காங்களாண்ணே?"

"இருக்காங்க. உள்ள போங்க" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இதையாவது பொறுத்துக்கொண்டார். மரக்காரரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மரக்காரர் என்பவர் நகராட்சி ஊழியர். தெருவோர மரங்களில் காய்ந்த கிளைகளை வெட்டிக் கழிப்பது அவருடைய வேலை. லாரியில் ஏணியும் ரம்பமும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதால் எந்த மரம் பட்டுப்போனது, எதில் காளான் முளைத்தது என்று அவருக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு முறையாவது வேலை முடிந்து, புருவமெல்லாம் மரத்தூளோடு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"இந்தாங்க. பள்ளிக்கூடத்து மதில் ஓரம், இடதுபக்கம் மூணாவது மரம்."

அவள் பொட்டலத்தைப் பிரிப்பாள். முகர்வாள். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். அடிப்புறத்தை வெளிச்சத்தில் காட்டுவாள். அப்புறம் அவள் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் பூட்டுக்காரரின் கண்ணில் மண்ணைப் போல விழும். போன வருடம் கல்யாண நாளுக்கு அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். "எதுக்கு இதெல்லாம்?" என்று அலமாரியில் வைத்துவிட்டாள். ஆனால் காய்ந்துபோன மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கும் ஒரு சனியனைப் பார்த்து இப்படியா சிரிப்பது!

இன்னொன்றும் அவரை அரித்தது. மரக்காரர் அவளை அக்கா என்றும் கூப்பிடுவதில்லை, தங்கச்சி என்றும் கூப்பிடுவதில்லை. வெறும் 'இந்தாங்க', 'பாருங்க'தான். பூட்டுக்காரரை மட்டும் வாய் நிறைய 'அண்ணே' என்பார். என்னை அண்ணன் என்றால் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியதுதானே, வாய் வலிக்குமா என்று பூட்டுக்காரர் மனதுக்குள் கணக்குத் தீர்ப்பார்.

எதிர்க்கடைத் தையல்காரருக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"என்ன மச்சான், பூட்டைத் தலைகீழா வச்சுத் தேய்க்கிறே? மரக்காரர் லாரி வந்திருச்சா?"

"உன் வேலையைப் பாரு."

"என் வேலை நல்லாத்தான் நடக்குது. உன் காதுலதான் புகை வருது. அடுப்பு உள்ள எரியுதா, இங்க எரியுதான்னே தெரியல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரக்கு ரயில் கொட்டகையின் கதவுப் பூட்டைச் சரிசெய்யப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து பின்பக்கம் கை கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய கட்டைகளை அடுக்கி வைத்திருந்த ஓரத்தில், ஈரமான நிழலில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மூன்று காளான்கள். பழுப்பு மெருகு, வெள்ளை அடி, ஊசித் துளைகள். அத்தனை வருடம் ஓரக்கண்ணால் பார்த்ததில் அவருக்கும் அடையாளம் தெரிந்திருந்தது. மரக்காரர் கொண்டுவந்தவற்றில் மிகப் பெரியதுகூட இதில் பாதிதான் இருக்கும். பூட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. திருப்புளியால் நெம்பி எடுத்து, ஒரு செய்தித்தாளைத் தேடிப் பிடித்துச் சுற்றினார். சுற்றிய விதமும் மரக்காரர் சுற்றுகிற மாதிரியேதான்.

வீட்டுக்கு வந்து, "இந்தா" என்று நீட்டினார்.

அவள் பிரித்தாள். முகர்ந்தாள். தட்டினாள். புருவம் லேசாக உயர்ந்தது. பூட்டுக்காரர் அந்தச் சிரிப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த மரம்?"

"மரம்தான்."

"அதான், எந்த மரம்? எங்க இருக்கு?"

கொட்டகைக்குப் பின்னால் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொன்னால் நாளைக்கே இவள் மரக்காரரிடம் சொல்வாள். அந்த ஆள் லாரியை எடுத்துக்கொண்டு போய் மிச்சத்தையும் வழித்துக்கொண்டு வந்துவிடுவான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதையும் தாரை வார்க்க வேண்டுமா?

"அது ஒரு இடம். உனக்கு எதுக்கு? காளான் நல்லா இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மரம் தெரியாம நான் எடுக்க மாட்டேன். வாங்க, போய்க் காட்டுங்க."

"காட்ட முடியாது."

"அப்போ ஓரமா வச்சிடுங்க" என்று பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

பூட்டுக்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் சொன்னால் அது மரம், நான் சொன்னால் மட்டும் சாட்சி வேண்டுமா?

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும், சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்குள் நுழைந்தார். அங்கேதான் மரச்சட்டங்களில் வலை அடித்த தட்டுகளில் காளான் சீவல்கள் காயும். ஒவ்வொரு தட்டின் மூலையிலும் அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்து மதில், இடதுபக்கம், மூன்றாவது மரம். மரக்காரரின் தட்டு அது. முந்தாநாள்தான் வைத்திருந்தாள். பூட்டுக்காரர் தன்னுடைய மூன்று காளான்களையும் அவள் சீவுகிற கனத்துக்கே சீவினார். அரம் பிடித்த கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மரக்காரரின் சீவல்களோடு கலந்து பரப்பினார். இப்போது அவருக்கே எது யாருடையது என்று தெரியவில்லை.

திட்டம் எளிமையானது. கஷாயம் தயாராகும். ஊரே இந்த முறை பிரமாதம் என்று சொல்லும். மரக்காரர் வாயெல்லாம் பல்லாக நிற்பார். அந்த நேரம் பார்த்து, "அதுல பாதி நான் கொண்டுவந்தது" என்று சொல்ல வேண்டும். இதை நினைத்து நினைத்து அந்த வாரம் முழுக்க அவர் ஒரு மாதிரிச் சந்தோஷத்தில் இருந்தார். தையல்காரரோடுகூடச் சண்டை போடவில்லை.

"அந்தக் காளானை என்ன செஞ்சீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

அடுத்த வாரம் சீவல்கள் ஒடித்தால் 'டக்'கென்று முறியும் பதத்துக்கு வந்தன. அவள் கஷாயம் வைத்தாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வைத்த கஷாயத்தை மூன்று நாள் அவளே குடிப்பாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு குவளை. மூன்று நாளும் உடம்பு ஒன்றும் சொல்லாவிட்டால்தான் நாலாம் நாள் புட்டியில் ஊற்றி அடுத்தவர் கைக்குப் போகும்.

முதல் நாள் குடித்தாள். இரண்டாம் நாள் காலை, "என்னமோ குமட்டலா இருக்கு" என்று சாப்பிடாமல் வேலைக்குப் போனாள். வெயிலில் நடந்திருப்பாள் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை மரக்காரர் கடைக்கு வந்தார். கையில் பொட்டலம் இல்லை. ஒரு பழைய பூட்டு இருந்தது.

"அண்ணே, ரம்பம் வைக்கிற பெட்டியோட பூட்டு. மழைத் தண்ணி புகுந்து சிக்கிக்கிச்சு."

பூட்டுக்காரர் வாங்கி எண்ணெய் விட்டார். உள்ளே அவள் வேலையிலிருந்து வந்து பாத்திரத்தைச் சூடாக்கும் சத்தம் கேட்டது. அவரால் வாயை அடக்க முடியவில்லை. இந்த ஆளிடம் கொஞ்சம் காட்டிக்கொண்டால்தான் என்ன?

"காளான் எங்க இருக்கும்னு ஊர்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்காதீங்க. சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னாடி போயிருக்கீங்களா?"

"போயிருக்கேனே! தட்டுத் தட்டா நிக்குமே, அதானே?"

பூட்டுக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. "பின்ன ஏன் எடுக்கல?"

"ஐயோ, அதெல்லாம் தண்டவாளக் கட்டைண்ணே. உளுத்துப் போகாம இருக்கத் தாரும் மருந்தும் ஏத்தின மரம். காளான் மரத்துல இருக்கிறதத்தானே குடிச்சு வளரும்? மூணு வருஷம் முன்னாடி தெரியாம அதுல ஒண்ண வெட்டிக் கொண்டாந்தேன். எந்த மரம்னு கேட்டாங்க, சொன்னேன். செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். 'ஆளைக் கொல்லப் பாத்தீங்களா'ன்னு…"

பூட்டு மேசையில் விழுந்தது. பூட்டுக்காரர் எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. ஓடினார்.

அவள் குவளையை வாயருகே கொண்டு போயிருந்தாள். அவர் தட்டிவிட்டார். கஷாயம் சுவரில் தெறித்து வழிந்தது.

"என்னங்க! பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"குடிக்காதே. அது… அதுல நான் கலந்துட்டேன்."

"என்னத்தை?"

"அந்தக் காளான். அன்னிக்குக் கொண்டாந்தேனே. கொட்டகைக் கட்டையில முளைச்சது."

பின்னாலேயே ஓடி வந்த மரக்காரர் வாசற்படியில் நின்றுவிட்டார். அவர் முன்னாலேயே பூட்டுக்காரருக்கு இதைச் சொல்ல நேர்ந்தது. தரை பிளந்து விழுங்கிவிட்டால் நல்லது என்று தோன்றியது. தரை அசையவில்லை.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. அடுப்பை அணைத்தாள். கல்லூரியில் சீட்டு எழுதுகிற குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எத்தனை காளான்?"

"மூணும்."

"எந்தத் தட்டு?"

"பள்ளிக்கூடத்து மதில்."

"மத்தத் தட்டுல?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"நேத்து ஒரு குவளை குடிச்சிருக்கேன். வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

வாசலில் நகராட்சி லாரிதான் நின்றது. முன்னால் ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் உட்கார முடியும். மரக்காரர்தான் அன்று வண்டியை ஓட்டினார். அவள் முன்னால் ஏறினாள். பூட்டுக்காரர் பின்னால் வெட்டிய கிளைகளுக்கு நடுவே, இலையும் சுள்ளியும் முகத்தில் அடிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னக் கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. மரக்காரர் ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாள். என்ன பேசுகிறார்கள் என்று அந்த நேரத்திலும் அவர் மனம் எட்டிப் பார்த்தது. பார்த்த உடனே, இவ்வளவுக்கு அப்புறமுமா என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார். நாலு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார். "ஒரு குவளைதானே? பயப்படும்படி ஒண்ணும் இல்லை. இன்னும் நாலு நாள் குடிச்சிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். பிறகு பூட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"வீட்டுக்காரர்" என்றார் அவர். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் பாத்திரத்தில் இருந்ததைக் கொட்டினாள். அந்தத் தட்டைக் கொட்டினாள். பிறகு, சந்தேகம் இருந்தால் எதையும் வைக்கக் கூடாது என்று மற்ற நாலு தட்டுகளையும் கொட்டினாள். ஐந்து தட்டுக் காளான். அடுத்த மழை வரும்வரை இனி ஒன்றும் முளைக்காது. பூட்டுக்காரர் கூடவே நின்று குப்பைத் தொட்டியைத் திறந்து பிடித்தார்.

"வர்றவங்களுக்கு என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. முன்னறையில நீங்கதானே உக்காந்திருக்கீங்க? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் முதல் ஆளாகக் கணக்கு ஆசிரியை வந்தார். "அக்கா இருக்காங்களா?"

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். மழை இல்லை, காளான் கிடைக்கவில்லை என்று சொல்ல இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தார். ஆனால் எதிரே கரகரத்த தொண்டையோடு நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும், நாளைக்கு இந்தக் கைக்குத்தானே அந்தப் புட்டி போயிருக்கும் என்று தோன்றியது.

"இந்தத் தடவை கஷாயம் இல்லம்மா. நான்தான் கெடுத்துட்டேன். கெட்ட காளானைக் கொண்டாந்து கலந்துட்டேன்."

"ஏண்ணே?"

"பொறாமைதான்" என்றார் பூட்டுக்காரர்.

ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார். போய்விட்டார். எதிர்க்கடையில் தையல் இயந்திரம் நின்றிருந்தது. தையல்காரர் இதற்கு ஒரு வருடத்துக்காவது கிண்டல் செய்வார் என்று பூட்டுக்காரர் காத்திருந்தார். தையல்காரர் எதுவும் சொல்லாமல் மறுபடியும் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். அதுதான் இன்னும் வலித்தது. அந்த மாதம் முழுக்க அவர் இதே பதிலைச் சொன்னார். நாற்பது பேருக்குக் குறையாது.

வீட்டில் அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். "சாப்பாடு வச்சிருக்கு." "தண்ணி வந்திருச்சு." அவ்வளவுதான். மழை மேகம் கூட ஆரம்பித்த ஒருநாள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு பூட்டு வேணும். காளான் அறைக்கு. நல்லதா ஒண்ணு. ரெண்டு சாவியோட."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினார். "ரெண்டாவது சாவி?"

"மரக்காரருக்கு. அடுத்த மாசத்துல இருந்து எனக்கு மதிய ஷிப்ட். அவர் கொண்டு வர்றப்போ நான் இருக்க மாட்டேன். வந்த உடனே தட்டுல பரப்பலைன்னா புழு வச்சிரும்."

"நான் இங்கதானே இருக்கேன்? என்கிட்ட…"

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த ஊர்ல இருக்கிற எந்தப் பூட்டையும் நான் ஒரு கம்பியில திறந்துருவேன். தெரியுமில்ல?" என்றார் அவர்.

"தெரியும். திறக்காம இருங்கன்னுதான் கேக்கறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். பூட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே உறுதியான பூட்டை எடுத்தார். முதல் சாவியை வெட்டினார். அது வெண்ணெய் மாதிரித் திரும்பியது. அடுத்ததை வெட்டினார். வயிறு எரிந்தது. அந்த ஆள் தன் வீட்டுக்குள், தான் நுழையக் கூடாத அறைக்குள், தான் செய்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போவான். தான் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாவியைப் பூட்டில் போட்டுப் பார்த்தார். திறந்தது. ஆனால் பாதியில் ஒரு மயிரிழை முரண்டு பிடித்தது. அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனிக்கவே மாட்டார்கள். மரக்காரருக்கு நிச்சயம் தெரியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தித் திருப்புவான், அவ்வளவே.

பூட்டுக்காரர் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பற்களைப் பார்த்தார். பிறகு அதை மறுபடியும் வைஸ் இடுக்கியில் இறுக்கி, மெல்லிய அரத்தை எடுத்தார்.